கரடி முதுகும் பார்வையாளர் உச்சவரம்பும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்ததுமே அருவி, பூவாசம், மயில் என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். இது அந்த மாதிரிக் காடு இல்லை. நிர்வாகம் நடக்கிற காடு. சுனைக்குப் போனால் டோக்கன் வாங்க வேண்டும். பலா பழுத்துவிட்டதா என்பதை மூக்கு சொல்லக் கூடாது, அலுவலகம்தான் சொல்ல வேண்டும். செத்த மாட்டுக்கு மேலே வட்டமிடும் கழுகுகள்கூட, அது செத்ததற்கான சான்று வருகிறவரைக்கும் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். சான்று வருவதற்குள் சில கழுகுகள் பசியில் செத்து விழும். அவற்றுக்குத் தனிச் சான்று.

அந்தக் காட்டில் சடைச்சி என்று ஒரு பெண்கரடி இருந்தாள். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவது கரடிகளின் வழக்கம். சடைச்சி பெற்றதுகள் வளர்ந்து, போகிறோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஆளுக்கொரு மலைப்பக்கம் போய்விட்டன. முதுகு காலியாகக் கிடந்தது. பாரம் சுமந்து பழகிய முதுகு காலியாக இருந்தால் அரிக்கும். மரத்தில் தேய்த்துப் பார்த்தாள், பாறையில் தேய்த்துப் பார்த்தாள். அந்த அரிப்பு அதற்கெல்லாம் அடங்குகிறதாயில்லை.

பக்கத்துப் புதரில் செவந்தி என்ற புள்ளிமான் குடியிருந்தாள். மேய்ச்சலுக்குத் தூரத்துச் சரிவுக்குப் போகவேண்டும். குட்டிக்கோ கால் இன்னும் நிலைகொள்ளவில்லை. புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

"அக்கா, சாயங்காலம் வரைக்கும் இவளைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

"இதுக்கென்னடி கேள்வி? ஏத்தி விடு."

ஏற்றிவிட்டாள். அரிப்பு அந்த நிமிஷமே நின்றது. அடுத்த வாரத்துக்குள் முயல் தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள், கீரி கொண்டுவந்தாள், மந்தி கொண்டுவந்தாள். முள்ளம்பன்றி தயங்கித் தயங்கித் தன் மகனைக் கொண்டுவந்து நின்றபோது, மற்ற குட்டிகள் கூடிப் பேசி, அவனை வால் ஓரமாகக் கடைசியில் உட்காரவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தன. கூலி என்று எதுவும் கிடையாது. தாய்மார்கள் மேய்கிற இடத்தில் புதுப் புற்று கண்ணில் பட்டால் வந்து சொல்வார்கள். சடைச்சி போய்ப் புற்றைக் கிளறி, கறையானை 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சுவாள். அந்தச் சத்தத்தில் குட்டிகள் வரிசையாகத் தூங்கிப்போகும்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நன்றாக நடப்பதை எவ்வளவு காலம்தான் பொறுத்துக்கொள்வது?

காட்டு ராஜா ஒருநாள் புல்வெளியில் காலாற நடந்தார். முன்பெல்லாம் புல்லை விலக்கினால் ஒரு மான்குட்டி கிடக்கும், ஒரு முயல்குட்டி கிடக்கும். இப்போது புல்லை விலக்கினால் அடியில் புல்தான் இருந்தது. ராஜா அன்றைக்கே சபையைக் கூட்டி, கண் கலங்கி, "நம் செல்வங்கள் எங்கே? யார் பொறுப்பில் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்டார். சபையே தேம்பித் தேம்பி அழுதது. அழுத ஈரம் காய்வதற்குள் விதிகள் வந்தன. இல்லக் குட்டிக் காப்பகங்கள் உரிமம் மற்றும் பார்வையாளர் உச்சவரம்பு விதிகள் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டி வளர்ந்து தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

விதிகளை நிறைவேற்ற ஆய்வாளர் வந்தார். ஓணான் சிங்காரம். உடம்பில் கால்வாசி வால், கால்வாசி கழுத்து, மிச்சமெல்லாம் அதிகாரம். ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஏம்மா, நீதான் சடைச்சியா? காப்பகம் நடத்துறியாமே. வீடு எங்க?"

"இதுதான் சார்."

"எது?"

"நான்தான்."

சிங்காரம் கட்டையைவிட்டு இறங்கி அவளை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"சுவர்?"

"விலா எலும்பு இருக்கு சார்."

"கூரை?"

"மழை வந்தா எல்லாரும் வயித்துக்கு அடியில வந்துருவாங்க."

"ஆபத்துன்னா வெளியேற வழி?"

சடைச்சி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள். குட்டிகள் பொலபொலவென்று புல்லில் சரிந்து விழுந்தன. "இன்னொரு வாட்டி பெரியம்மா! இன்னொரு வாட்டி!" என்று கத்தின. முள்ளம்பன்றிப் பையன் கடைசியாக வந்து விழுந்ததில் கீரிக்குட்டி மட்டும் வேறு மாதிரி கத்தியது.

சடைச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எல்லாம் சரியா இருக்கா சார்? உரிமம் குடுத்துருவீங்களா?"

சிங்காரம் தலையை ஆட்டினார். மேலே, கீழே, மேலே, கீழே. நன்றாக, அழுத்தமாக, நாலு பேர் பார்க்க ஆட்டினார்.

சடைச்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒரு புற்று முழுவதையும் அன்றைக்கே காலி செய்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டாள். காலையில் எழுந்தபோது பின்பக்கம் ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. வேப்பம்பிசின் தடவி ஓர் ஓலை ஒட்டியிருந்தது. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குட்டியை விடவந்த செவந்திதான் பின்னால் நின்று படித்தாள்.

"அக்கா, உரிமம் இல்லாத காப்பகம், உடனே மூடணும்னு போட்டிருக்கு. வளாகத்தோட வாசல்ல ஒட்டியிருக்காங்களாம்."

"வாசல்னு இவனுக்கு யாருடி சொன்னது?"

ஓலையைப் பிய்த்ததில் ஒரு கைப்பிடி முடியும் கூடவே வந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு சிங்காரத்தின் மரக்கட்டைக்குப் போனாள்.

"தலையாட்டினீங்களே சார்!"

"ஆட்டினேன்."

"அப்புறம் என்ன சார்?"

"நான் ஓணான்மா. காத்தடிச்சாலும் ஆட்டுவேன், ஈ பறந்தாலும் ஆட்டுவேன், எங்க அம்மா செத்தப்பவும் ஆட்டினேன். அது உடம்பு வாகு. அலுவலகப் பதில் ஆகாது." சொல்லும்போதும் ஆட்டினார். "உன் கேஸ்ல சிக்கல் பார்வையாளர். ஒரு நேரத்துல ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாது. நான் வந்தப்போ உன் முதுகுல ரெண்டு மைனா உட்கார்ந்திருந்துச்சு. சரி, அதோட வரம்பு முடிஞ்சுது. ஆனா முடிக்குள்ள பாத்தேன், உண்ணி! ஒரு பட்டாளமே இருக்கு."

"உண்ணி பார்வையாளரா சார்?"

"கூப்பிடாம வர்றது, வந்து சாப்பிடறது, போகச் சொன்னாலும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கறது. இதைவிடப் பார்வையாளருக்கு என்னம்மா இலக்கணம் வேணும்?"

"அப்படிப் பாத்தா நீங்க?"

"நான் அரசு" என்றார் சிங்காரம். தலையை ஆட்டிக்கொண்டார்.

சடைச்சி சட்டத்துக்கு அடங்கி நடக்க முயன்றாள். பாவம், அதைச் செய்திருக்கக் கூடாது. முதலில் மைனாக்களை வரவேண்டாம் என்று அனுப்பிவைத்தாள். மைனாக்கள் தின்ற உண்ணிகள் இப்போது தின்பாரில்லாமல் பெருகின. ஆக, பார்வையாளர்கள் கூடிப்போனார்கள். சரி என்று மைனாக்களைத் திரும்பக் கூப்பிட்டாள். அந்த வகையிலும் கூடிப்போனார்கள். அடுத்தது தாய்மார்கள். பகலில் பால் கொடுக்க வருகிறவள் தாயானாலும் விதிப்படி பார்வையாளர். அதனால் அவர்களை நாவல்மரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து இரண்டிரண்டு பேராகக் கூப்பிட வேண்டியதாயிற்று. செவந்தியின் முறை வருவதற்குள் மடி கட்டிக்கொண்டு அவளுக்கு வலி. குட்டி இங்கே முதுகில், "அம்மா அதோ நிக்கிறா பெரியம்மா, ஏன் வரமாட்டேங்கிறா?" என்று கேட்டது.

"வந்தா நீ பத்திரமா இல்லைன்னு அர்த்தமாம்டி" என்றாள் சடைச்சி.

இந்த அமளிக்கு நடுவில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைப் பலகை தொங்கியது. சுருளி குட்டிக் காப்பகம். அரசு உரிமம் பெற்றது. உரிமையாளர் சுருளி ஒரு மலைப்பாம்பு.

சிங்காரத்தின் ஆய்வறிக்கை அவரை வானளாவப் புகழ்ந்திருந்தது. நாலு பக்கமும் சுவர் உண்டு. கதகதப்பு உண்டு. இரைச்சல் இல்லை, அழுகை இல்லை, புகார் இல்லை. குட்டிகளின் எண்ணிக்கை எந்த நேரத்தில் போய் எண்ணினாலும் வரம்புக்கு உள்ளேயே இருக்கிறது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை; வந்த ஒன்றிரண்டு பேரும் திரும்பிப் போனதாக யாரும் பார்க்கவில்லை. ஆபத்துக்கு வெளியேற வழி உண்டா என்ற கேள்விக்கு, 'இதுவரை உள்ளே இருந்து யாரும் கேட்டதில்லை' என்ற பதில் திருப்தியாக ஏற்கப்பட்டிருந்தது.

அறிக்கையின் கடைசி வரியில் உத்தரவு. உரிமமில்லாத முதுகில் உள்ள அனைத்துக் குட்டிகளையும் நாளைக் காலை உரிமம் பெற்ற காப்பகத்தில் ஒப்படைக்கவும்.

செவந்தி அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மான் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நன்றாயிருக்காது.

"ஓடிப்போயிரலாமா அக்கா?"

"எங்கடி ஓடுறது? எல்லைதாண்ட அனுமதி அந்த ஓணான்கிட்டதானே வாங்கணும்?"

காலையில் சிங்காரம் முன்னால் நடந்தார். பின்னால் சடைச்சி, முதுகில் குட்டிகள். இரண்டு பக்கமும் தாய்மார்கள். சுருளி வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். வாசல் என்றால் வாய். உள்ளே ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"வா தங்கச்சி" என்றார் சுருளி, குரலில் வெண்ணெய் வழிய. "எத்தனை நாளா ஒத்தையா சுமக்கிறே, பாவம். இறக்கி வை. சின்னதிலேர்ந்து ஆரம்பிப்போம்."

முயல்குட்டி சடைச்சியின் காதுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. உலுக்கினால் குட்டிகள் சரியும். இவ்வளவு நாளும் அது விளையாட்டு. சடைச்சி உடம்பில் ஒரு முடிகூட அசையாமல் நின்றாள். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. சிங்காரம் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், அங்கே கிடக்கிற எலும்பைப் பார்த்துப் பயந்து உத்தரவைக் கிழித்துப்போடுவார் என்று நம்பினாள். அதிகாரியின் கண்ணுக்கு எலும்பு தெரியும் என்று நம்புகிற அளவுக்கு அவள் அப்பாவி.

"சார், நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"வாசல்ல நின்னே பாத்தாச்சு. தெளிவா தெரியுது."

"அதில்ல சார். நாளைக்கு இந்தத் தாய்மாருங்க யாராச்சும், உள்ள போகாமயே உரிமம் குடுத்துட்டாருன்னு மேல மனுப் போட்டுட்டா? நான் உங்களுக்காகச் சொல்றேன்."

சிங்காரத்தின் தாடை சிவந்தது. ஓணானுக்குக் கோபத்திலும் சிவக்கும், ஆசையிலும் சிவக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் உள்ளாய்வுப் படி என்று சம்பளத்துக்கு மேலே தனியாக ஒன்று உண்டு. இந்த நினைப்பு இத்தனை நாளாக வராமல் போயிற்றே என்று அவருக்கு உறைத்தது.

"சுருளி, நான் உள்ள வர்றேன்."

"தாராளமா வாங்க சார். ஆனா பார்வையாளர் உச்சவரம்பு..."

"நான் பார்வையாளன் இல்லய்யா. நான் அரசு."

"அரசுக்கு ஏது வரம்பு" என்று சுருளி வாயை இன்னும் கொஞ்சம் விரித்தார். "தலை முதல்ல வரட்டும் சார். வால் தானா வந்துரும்."

சிங்காரம் நிமிர்ந்த நடையில் உள்ளே போனார். வாசல் சாத்திக்கொண்டது.

சுருளியின் கழுத்தில் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. அது மேலே போயிற்று, கீழே வந்தது, மேலே போயிற்று, கீழே வந்தது.

"தலையாட்டுறாரு" என்றாள் முயலம்மா, நம்பிக்கையோடு.

பிறகு வீக்கம் நகர்ந்து நகர்ந்து பின்னால் போய் மறைந்துவிட்டது. சுருளி ஒரு ஏப்பம் விட்டார். "அடுத்தது யாரு?"

சடைச்சி பின்னால் ஓரடி வைத்தாள். "இருங்கண்ணே. சார் வெளிய வந்து ஒப்படைப்புல கையெழுத்துப் போடணுமே. அவர் இல்லாம எப்படி இறக்கி வைக்கிறது?"

சுருளி நாக்கை நீட்டி நீட்டி யோசித்தார். சட்டப்படி அவள் சொன்னது சரி.

அந்த அவகாசத்தில் சடைச்சி குட்டிகளோடு வட்டார அலுவலகத்துக்கு ஓடினாள். கரடி ஓடினால் மேலே இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். அவளுக்கு மட்டும் சிங்காரத்தின் நினைப்பு. எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் ஒரு உயிர். தான் சொல்லித்தானே உள்ளே போனார்?

வட்டார அதிகாரி காட்டெருமை. பெயர் குணபூஷணம். அலுவலகம் ஒரு சேற்றுக்குட்டை. மூக்கு மட்டும் வெளியே தெரியும். மனு கொடுப்பவர்கள் மூக்கைப் பார்த்துப் பேசவேண்டும்.

"ஐயா, ஓணான் சாரை மலைப்பாம்பு முழுங்கிருச்சு!"

"எந்த ஓணான்?"

"ஆய்வாளர் சிங்காரம் சார்."

சேறு கொப்பளித்தது. ஒரு கண் மேலே வந்தது. "ஆய்வுக்குப் போனாரா?"

"ஆமாங்கய்யா."

"உள்ள போனாரா?"

"போனாருங்கய்யா."

"வெளிய வந்தாரா?"

"இல்லையே ஐயா, அதைத்தானே சொல்றேன்!"

"அப்போ ஆய்வு நடக்குதுன்னு சொல்லு. அதை விட்டுட்டு முழுங்கிருச்சு கிழுங்கிருச்சுன்னுக்கிட்டு." குணபூஷணம் சலித்துக்கொண்டார். "உள்ள போன அதிகாரி வெளிய வந்து அறிக்கை குடுக்கறவரைக்கும் ஆய்வுதான். அது முடியறவரைக்கும் அந்த இடத்துல யாரையும் சேர்க்கக் கூடாது. யாரும் எங்கயும் மாறக் கூடாது. எது எங்க இருக்கோ அங்கயே இருக்கணும்."

சடைச்சிக்குப் பாதிதான் புரிந்தது. அப்பாவித்தனம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. "ஐயா, அவர் செத்துப்போயிருப்பாருங்கய்யா."

இப்போது இரண்டு கண்ணும் வெளியே வந்தன.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. செத்துட்டாருன்னா ஆய்வு முடிஞ்சுபோச்சு. கடைசியா அவர் எழுதின அறிக்கை அப்படியே நிக்கும். அதுல என்ன போட்டிருக்கு, குட்டிங்களை ஒப்படைக்கணும்னுதானே? வேற ஆளை அனுப்பி இன்னிக்கே முடிச்சுருவேன்." எருமை மூச்சு விட்டதில் சேறு தெறித்தது. "இப்ப சொல்லு. சிங்காரம் செத்துட்டாரா, இருக்காரா?"

முதுகில் மான்குட்டி சடைச்சியின் பிடரிமயிரை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

"இருக்காருங்கய்யா" என்றாள். "நல்லா இருக்கார். வரும்போதுகூடப் பார்த்தேன், தலையாட்டிக்கிட்டு இருந்தார்."

"கடமை தவறாத மனுஷன்" என்று குணபூஷணம் மறுபடி சேற்றுக்குள் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்குமுறைப்படி நடந்தது. உள்ளே வேலை செய்யும் அதிகாரிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று சுருளியின் வாசலில் காட்டுக்கொடி சுற்றி, அரக்கு உருக்கி, சீல் வைத்தார்கள். சுருளி ஏதோ சொல்ல வந்தார். வாய் கட்டியிருந்ததால் ஆட்சேபணை எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். பச்சைப் பலகை இன்னும் தொங்குகிறது. உரிமமும் செல்லும். அந்தக் காட்டில் குறையே சொல்ல முடியாத ஒரே காப்பகம் அதுதான்.

சிங்காரத்தின் சம்பளம் மாதாமாதம் அவர் மனைவிக்குப் போகிறது, உள்ளாய்வுப் படியோடு. அலுவலகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் களத்திலேயே கிடந்து உழைப்பதாகச் சொல்லி அவருக்கு இரண்டு பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் ஒருநாள் சடைச்சியிடம் வந்து, "அவர் வீட்டுல இருந்ததைவிட இப்பத்தான் குடும்பத்துக்கு உபயோகமா இருக்கார்" என்று சொல்லி, தன் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிவிட்டுப் போனாள். அவையும் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகின்றன.

ராஜா மட்டும் அவ்வப்போது ஆள் அனுப்பி, "ஆய்வு எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்பார். சடைச்சி குட்டிகளோடு ஓடைவரைக்கும் போய், சீல் வைத்த வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவாள். "இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கார்" என்று சொல்லி அனுப்புவாள். முதல்தடவை சொன்னபோது அவளுக்கு நாக்குக் குழறியது. இப்போதெல்லாம், "சார் உங்களை ரொம்ப விசாரிச்சதாச் சொன்னார்" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தே சொல்கிறாள்.

நீதி: அதிகாரிக்குள் இரக்கம் இருக்கிறதா என்று தேடிக் களைத்துப்போகாதே, அதிகாரியே எதற்குள்ளாவது இருந்தால் போதும்.